ஆளொழிந்த கூடங்களும் படப்பெட்டியும்

பாழிடத்தைப் பாடுவது தமிழ்க் கவிதைக்குப் பழைய வழக்கம். புறநானூற்றின் ஐம்பத்திரண்டாம் பாட்டு, பாண்டியன் மாறன் வழுதியின் சினத்துக்கு ஆளாகி அழிந்த ஊர்களைப் பற்றியது. பாடியவர் மருதன் இளநாகனார். ஊர் மன்றத்துத் தூணில் உறைந்த தெய்வம் அதை விட்டுப் போய்விட்டது. பலியிடுவார் இல்லை. நரைத்த முதியவர்கள் நாள்தோறும் அமர்ந்து சூதாடிய இடத்தில், காய்கள் உருண்டு உருண்டு தரை குழிந்திருக்கிறது. அக்குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இடிந்த சுவரையும் சரிந்த கூரையையும் புலவர் நீளமாகப் பேசவில்லை. தரையில் கிடக்கும் சிறு குழியைக் காட்டினார். அக்குழியை உண்டாக்கியவர்கள் யார் என்பதைக் காட்டினார். அவர்கள் ஏன் இல்லை என்பதையும் மன்னனின் முகத்துக்கு நேரே சொன்னார். பாழிடம் பற்றிய எந்தப் பாட்டுக்கும் படத்துக்கும் இம்மூன்றும் அளவுகோல் ஆகத் தகும்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஒரு புதிய வழக்கம் அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் பரவியிருக்கிறது. மூடப்பட்ட மனநோய் மருத்துவமனைகளைத் தேடிச் சென்று, வேலி தாண்டி உள்ளே நுழைந்து, அவற்றை ஒளிப்படம் எடுப்பது. உரிந்து தொங்கும் சுண்ணம், தாழ்வாரத்தின் கோடியில் கிடக்கும் சக்கர நாற்காலி, உடைந்த சாளரம் வழியே தளத்தைப் பிளந்து முளைத்த செடி, ஒருபுறமாகச் சாய்ந்த இரும்புக் கட்டில் ஆகியவை இப்படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒளி பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து விழும். ஆள் எவரும் இருப்பதில்லை. அழகான படங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. பார்ப்பவருக்கு ஓர் அச்சமும் அந்த அச்சத்தினால் ஓர் இன்பமும் உண்டாகின்றன. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஏதேனும் தெரிந்ததா என்று கேட்டால், பெரும்பாலான படங்கள் வாய் திறப்பதில்லை.

இக்கட்டடங்கள் எழுந்த கதை நல்லெண்ணத்தில் தொடங்கியது. பிலடெல்பியா நகர மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடு 1854இல் மனநோய் மருத்துவமனை கட்டுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். நடுவில் ஒரு தலைமைக் கட்டடம். இருபுறமும் பறவை சிறகு விரித்தாற்போல் படிப்படியாகப் பின்வாங்கிச் செல்லும் கூடங்கள். ஒவ்வொரு கூடத்திலும் காற்றும் வெளிச்சமும். சுற்றிலும் தோட்டமும் விளைநிலமும். கட்டடமே பாதி மருந்து என்பது அவருடைய நம்பிக்கை. 250 பேருக்கு மேல் ஒரு மருத்துவமனையில் சேர்க்கலாகாது என்பது அவர் வகுத்த வரம்பு. அந்த வரம்பு விரைவில் மீறப்பட்டது. 250 என்று தொடங்கியவை ஆயிரமாயின, பல ஆயிரமாயின. முதுமையால் தடுமாறியவர், வலிப்பு நோயினர், கணவனுக்கு வேண்டாத மனைவி, மொழி புரியாத குடியேறி என வீட்டுக்கும் ஊருக்கும் பொருந்தாதவர் எல்லாரும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5,60,000 பேர். 1950களில் வந்த குளோர்புரோமசின் முதலிய மருந்துகளும், காப்பகங்களின் நிலையைக் கண்டு எழுந்த கண்டனமும், அரசுகளின் சிக்கனமும் ஒன்றுசேர, கூடங்கள் காலியாகத் தொடங்கின. வெளியேறியவர்களுள் சிலர் வீடு சேர்ந்தனர். தெருவிலும் சிறையிலும் முடிந்தவர்கள் குறைவல்லர்.

இந்தக் காலிக் கூடங்களைப் படமெடுத்தவர்களுள் கிறிஸ்டோபர் பெய்ன் குறிப்பிடத்தக்கவர். கட்டடக்கலை பயின்ற அவர், முப்பது மாநிலங்களில் எழுபது மருத்துவமனைகளைச் சுற்றி எடுத்த படங்கள் 2009இல் நூலாக வந்தன. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதற்கு ஒரு கட்டுரை எழுதினார். அந்நூலில் ஒரு படம் உண்டு. ஒரு மரப்பெட்டகத்தில் வரிசையாகப் பற்தூரிகைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பெயர். நூலின் மற்றப் பெருங்கூடங்களையும் கோபுரங்களையும் மறந்துபோனவரும் இப்படத்தை மறப்பதில்லை. இளநாகனாரின் சூதுக்குழியும் இந்தப் பற்தூரிகையும் ஓரினம்.

நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மருத்துவமனையின் கதை இன்னும் ஆழமானது. 1869இல் திறக்கப்பெற்ற அது 1995இல் மூடப்பட்டபோது, மாடத்துப் பரணில் நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. உள்ளே வந்த நாளில் நோயாளிகள் கையில் கொண்டுவந்த பெட்டிகள் அவை. ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைக்கப்பட்டு, எடுத்துக்கொள்ள எவரும் வராமலே போனவை. அவற்றில் குடும்பப் படங்கள், கடிதங்கள், தையல் ஊசிகள், தேவாலயப் பாட்டுப் புத்தகங்கள், காலணிகள் இருந்தன. அவை மாநில அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டு, 2004இல் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் ஜான் கிறிஸ்பின் என்னும் ஒளிப்படக் கலைஞர் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துப் படமெடுத்தார். ஆனால் மருத்துவ மறைபொருள் காக்கும் சட்டம் குறுக்கே நின்றதால் உரியவர்களின் முழுப்பெயரை வெளியிட முடியவில்லை. மருத்துவமனை இடுகாட்டிலும் அதே நிலை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்ட அந்த நிலத்தில் எண் பொறித்த குறிகள் மட்டுமே இருந்தன. லாரன்ஸ் மோக்கா என்ற நோயாளி அங்கே பல்லாண்டுகள் குழி வெட்டும் பணியைச் செய்து, 1968இல் இறந்து, தாம் வெட்டிய குழிகளின் அருகிலேயே அடக்கமானார். நீண்ட வாதாட்டத்திற்குப் பின்னர் 2015இல் அவர் பெயர் தாங்கிய நினைவுக்கல் ஒன்று அங்கே நாட்டப்பட்டது. மனிதரைக் காக்கவே பிறந்த மறைபொருள் விதி, இறந்தவரின் பெயரையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

படப்பெட்டி இக்கட்டடங்களுக்குள் நுழைந்தது அவை பாழான பிறகன்று. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டக் காப்பகத்தின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் ஹியூ டயமண்ட், ஒளிப்படக் கலை தோன்றிச் சில ஆண்டுகளிலேயே தம் நோயாளிகளைப் படமெடுத்தார். அது குறித்து 1856இல் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் படித்தார். முகத்தைப் பார்த்து நோயை அறியலாம் என்பது அவர் கருத்து. நோயாளி தன் முகத்தைத் தானே படத்தில் கண்டு தெளியக்கூடும் என்றும் அவர் நம்பினார். அவர் கொடியவர் அல்லர். எனினும் அப்படங்களில் உள்ள பெண்களிடம் எவரும் ஒப்புதல் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளே ஆள் இருந்தபோது முகம் நோயின் சான்றாயிற்று. ஆள் போனபின் சுவர் அழகுப் பொருளாயிற்று.

இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது வகைப் படமும் உண்டு. அதைத் தேடினால் இத்தாலிக்குச் செல்ல வேண்டும். பிராங்கோ பஸாலியா என்னும் மனநல மருத்துவர் 1961இல் கொரிசியா நகரக் காப்பகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். கட்டிலில் கட்டிவைக்கும் வழக்கத்தை ஒழித்தார், கதவுகளைத் திறந்தார், நோயாளிகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டங்களை நாள்தோறும் நடத்தினார். 1969இல் அவரும் அவர் மனைவி பிராங்கா ஒங்காரோவும் சேர்ந்து ஒரு படநூல் வெளியிட்டனர். கார்லா செராத்தி, ஜானி பெரெங்கோ கார்டின் ஆகிய இருவர் இத்தாலியக் காப்பகங்களில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. மழித்த தலையும் சீருடையுமாகச் சுவரோரம் குந்தியிருப்போர், கம்பிக்குப் பின்னால் கைகள், கட்டப்பட்ட உடல்கள். அழகுக்காக எடுக்கப்பட்டவை அல்ல அவை. வீட்டில் அமர்ந்து நூலைப் புரட்டியவர், தம் ஊர் மதிலுக்குப் பின்னால் நடப்பது இதுதான் என அறிந்து திடுக்கிட்டார். அறுபதுகளின் இறுதியில் எழுந்த பெரும் விவாதத்தில் அப்படங்களுக்கும் பங்குண்டு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1978 மே மாதத்தில், இத்தாலி 180ஆம் எண் சட்டத்தை இயற்றி, மனநோய்க் காப்பகங்களைப் படிப்படியாக மூட முடிவு செய்தது.

அதற்கு முன் திரியெஸ்தே நகரில் நிகழ்ந்த ஒன்றைத் தேரிழுக்கும் ஊரார் எளிதில் புரிந்துகொள்வர். காப்பகத்தில் அழுக்குத் துணி வண்டியை இழுத்து வந்த குதிரையின் பெயர் மார்கோ. 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் கூடி அக்குதிரையின் உருவத்தை மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரிதாகச் செய்து நீல வண்ணம் தீட்டினர். அதை ஊர்வலமாக நகருக்குள் கொண்டுசெல்ல முனைந்தபோது, குதிரை வாயிலைவிடப் பெரிதாக இருந்தது. குதிரையைச் சிறிதாக்க ஒருவரும் இசையவில்லை. வாயில் உடைந்தது, நீலக் குதிரை தெருவுக்கு வந்தது, அதன் பின்னே உள்ளே இருந்தவர்களும் வந்தனர்.

தஸ்கனி நாட்டு மலையூரான வோல்தெராவின் காப்பகம் ஒருகாலத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தது. இன்று அதன் கூடங்கள் பல பாழடைந்து கிடக்கின்றன. படப்பெட்டியுடன் வருவோர் தேடிச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. கவிஞர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒருவர் அங்கே இருந்தார். ரோமில் 1927இல் பிறந்த ஒரெஸ்தே பெர்னாந்தோ நனெத்தி 1958இல் அங்கே கொண்டுவரப்பட்டார். அவர் அதிகம் பேசுவதில்லை. முற்றத்துச் சுவர்ச் சுண்ணத்தில், தம் சீருடை மேற்சட்டையின் கொக்கியைக் கொண்டு எழுத்துகளைக் கீறத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் கீறினார். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு அது படர்ந்தது. விண்வெளிப் பயணம், தொலைவிலிருந்து மனத்துக்கு வரும் செய்திகள், கற்பனை உறவினர், போர், உலோகங்களின் பெயர்கள், படங்கள் என எல்லாம் கலந்த ஒரு பெருநூல் அது. தம்மை விண்மீன் மண்டலத்துக் கர்னல் என்று சொல்லிக்கொண்டார். செவிலியருள் ஒருவரான ஆல்தோ திரபெலி அவரிடம் நட்புக்கொண்டு, அந்தக் கோணல் எழுத்துகளைப் படிக்கக் கற்றார். அவர் இல்லையேல் அச்சுவர் வெறும் கீறலாகவே போயிருக்கும். நனெத்தி 1994இல் காலமானார்.

சுவரோர இருக்கையில் அசையாமல் அமர்ந்திருந்த நோயாளிகளை நனெத்தி எழுப்பிவிடவில்லை என்றும், அவர்கள் தலை சாய்ந்திருந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கீறிச் சென்றார் என்றும் கூறுவர். எழுத்துக்கு நடுவே அந்த வெற்றிடங்கள் எஞ்சின. சுண்ணம் பெருமளவு உதிர்ந்துவிட்டது. ஒரு பகுதி பெயர்த்தெடுத்துக் காக்கப்படுகிறது. ஆளில்லாத கூடத்தைப் படமெடுக்க வருவோர் அந்த வெற்றிடங்களைக் கண்டால், அங்கே ஆள் இருந்ததற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. அதே காப்பகத்தில் நோயாளிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பலவும் அஞ்சலில் சேர்க்கப்படாமல் மருத்துவக் கோப்புகளிலேயே கிடந்தன. அவற்றின் தொகுப்பு 1978இல் நூலாயிற்று. பதில் வராதது ஏன் என்பதை அறியாமலே அவர்கள் மறுபடி மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இத்தகைய காலிக் கூடத்தைத் தேடுவோர் எளிதில் காணமாட்டார்கள். இங்குப் பெருங்காப்பகம் என்று ஒன்றே இருந்தது, அது காலியாகவில்லை. சென்னையில் முதன்முதலாக மனநோயாளர்க்கு ஓர் இல்லம் அமைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனலி, ஆண்டு 1794. அது கம்பெனியின் ஆதரவு பெற்ற தனியார் இல்லம். பின்னர்ப் பொறுப்பேற்ற டால்டன் என்பார் அதைப் புதுப்பித்துக் கட்ட, ஊரார் நெடுங்காலம் அவர் பெயராலேயே அதை வழங்கினர். கீழ்ப்பாக்கத்தில் லொகாக் தோட்டம் என்னும் பரந்த நிலத்தில் புதிய காப்பகம் கட்டப்பட்டு, 1871இல் 145 நோயாளிகளுடன் திறக்கப்பட்டது. 1922இல் அதன் பெயர் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், 1978இல் மனநல மருத்துவ நிலையம் என்றும் மாறியது. 1,800 படுக்கைகள் கொண்டதாக அது வளர்ந்தது. 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். குடும்பத்தை நோயாளியோடு இணைத்து வைப்பதே மருத்துவத்தின் பாதி என்பதைச் செயலில் காட்டினார். ஓய்வுபெற்ற பின்னர் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் காலமானார்.

தமிழர் பேச்சில் கீழ்ப்பாக்கம் ஓர் ஊர்ப்பெயராக நிற்கவில்லை, வசைச்சொல்லாயிற்று. திரைப்பட நகைச்சுவையில் அது எத்தனை முறை ஒலித்தது என்பதற்குக் கணக்கில்லை. மதிலுக்கு உள்ளே இருப்பவரைக் காணாமலே சிரிப்பதற்கு அச்சொல் பயன்பட்டது. எழுத்தாளரும் இதில் முழுதும் விலகி நின்றவர் அல்லர். பித்தன் என்னும் சொல்லைப் புனைபெயராகச் சூடிக்கொண்ட மொழியில், உண்மைப் பித்தரின் கடிதம் ஒன்றுகூட அச்சேறாதது வியப்புக்குரியது.

கைவிடப்பட்ட மனநோய் இல்லம் என்று சுட்டத்தக்கது தமிழகத்தில் ஒன்று உண்டென்றால், அது இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இருந்தது. அங்குள்ள தர்காவுக்கு மனநோயுற்றோரைச் சமய வேறுபாடின்றி அழைத்து வருவது பழைய வழக்கம். கனவில் விடுதலை ஆணை வரும்வரை காத்திருப்பர். வீட்டார் உடனிருந்து பார்த்துக்கொண்ட காலத்தில் அது ஒரு வகையான அடைக்கலமாக இருந்தது. காலப்போக்கில் உடனிருக்க இயலாத வீட்டாருக்காகத் தனியார் இல்லங்கள் பெருகின. மாதப் பணம் அனுப்பினால் போதும். ஆளைப் பார்க்க வரவேண்டியதில்லை. கீற்றுக் கொட்டகைகளில், இரவில் ஓடிவிடாதிருக்கச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் அத்தகைய இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அடுத்த சில நாள்களில் அரசு ஏர்வாடி இல்லங்களை மூடியது. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோருள் ஒரு பகுதியினர் வீட்டாரிடமும், மற்றவருட் பலர் கீழ்ப்பாக்கம் முதலிய மருத்துவமனைகளுக்கும் அனுப்பப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. எரிந்த கொட்டகையும் சங்கிலியும் நாளேடுகளில் படமாக வந்தன. அவை பஸாலியாவின் நூலில் உள்ள படங்களின் இனம். ஆனால் இருபத்தெட்டு உயிர் போன பிறகு எடுக்கப்பட்டவை.

இதைக் கொண்டு வழிபாட்டிடம் அனைத்தையும் பழிப்பது நேர்மையாகாது. திருச்சிராப்பள்ளி அருகே குணசீலத்தில் நோயாளிகள் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தங்கி வழிபடுவது இன்றும் நடைபெறுகிறது. முத்துசாமி என்பாரின் சமாதிக் கோயிலொன்றில் தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. அங்கே மருந்தில்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. உறவினர் ஒருவர் கட்டாயம் உடனிருப்பார். நோயாளிகள் கோயிலைப் பெருக்குவர். செடிக்கு நீர் ஊற்றுவர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்தைத் தள்ளிவைக்க அக்கட்டுரை இடந்தரவில்லை. அந்தக் கோயிலில் இருந்ததும் ஏர்வாடிக் கொட்டகையில் இல்லாததும் உடனிருந்த உறவினர் என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது.

திருவண்ணாமலைக்கு வருவோம். அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தரைக்குக் கீழே பாதாளலிங்க அறை உள்ளது. 1896இல் அது எவரும் இறங்காத இருட்டறை. ஈரமும் பூச்சிகளும் நிறைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இவ்வூருக்கு வந்த பதினாறு வயது இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் ரமணர் என அறியப்பட்டவர், அவ்வறையில் சென்று அமர்ந்தார். பேசவில்லை, உண்ணவும் எழவில்லை, தொடையைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கியதும் அவருக்குத் தெரியவில்லை. ஊர்ச் சிறுவர்கள் கல்லும் ஓட்டாஞ்சில்லும் எறிந்தனர். 'சின்னச் சேஷாத்திரி' என்று அவரைக் கேலி பேசினர். பெரிய சேஷாத்திரி அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1889இல், இவ்வூருக்கு வந்துவிட்டவர். கடைக்குள் புகுந்து பண்டங்களை வாரி இறைப்பார். தமக்குத் தாமே பேசுவார். அழுக்கு உடையுடன் இரவெல்லாம் தெருவில் திரிவார். அவரைப் பித்தர் என்றவரும் மகான் என்றவரும் அக்காலத்தில் ஒரே தெருவில் குடியிருந்தனர். அந்தச் சேஷாத்திரி சுவாமிகளே சிறுவரை விரட்டி இளைஞரைக் காக்க முனைந்தார். கடைசியில் சிலர் கூடி அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தனர்.

இந்நிகழ்ச்சியைச் சமய வரலாறாகவே எல்லாரும் படித்திருப்பர். அதைச் சட்ட வரலாறாகவும் ஒருமுறை படிக்க வேண்டும். 1858ஆம் ஆண்டின் பித்தர் காப்பகச் சட்டப்படி, பித்தர் எனக் கருதப்பட்டு ஊரில் திரிபவரைப் பிடித்து நடுவர்முன் நிறுத்துவது காவல் அதிகாரியின் கடமை. நடுவர் மருத்துவரைக் கேட்டுக் காப்பகத்துக்கு அனுப்பலாம். 1896இல் கீழ்ப்பாக்கக் காப்பகம் திறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பேசாத, உண்ணாத, உடற்புண்ணை உணராத ஓர் இளைஞரும், கடைகளில் பண்டத்தை வாரியிறைக்கும் ஒருவரும் அச்சட்டத்தின் சொற்களுக்குள் அடங்கக்கூடியவர்களே. ஊர் அவர்களை அச்சட்டத்திடம் ஒப்படைக்கவில்லை. வாயில் சோறு ஊட்டியது, தூக்கி வந்து வெயிலில் வைத்தது, பொறுத்துக்கொண்டது. பித்தன் என்னும் சொல்லையே முதலாகக் கொண்டு இறைவனைப் பாடுமாறு சுந்தரர் ஆட்கொள்ளப்பட்ட திருவெண்ணெய்நல்லூர் இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அந்தச் சொல்லை வசையாக மட்டும் கேளாத செவி இந்நிலப்பகுதிக்கு உண்டு எனலாம்.

அந்தச் செவிக்கு ஒரு குறையும் உண்டு. தெருவில் திரிபவர் எல்லாரையும் சாமியார் எனக் கும்பிட்டு நகர்ந்துவிடுவது எளிது. கும்பிட்டபின் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மருந்தால் தெளியக்கூடிய நோயுடையவர் பலர் அக்கும்பிடுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றனர். சடையாகத் திரண்ட தலைமுடியின் அடியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாரில்லை. மனநோயுற்றோரைக் கோயிலூருக்கு அழைத்து வந்து விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களைத் தமிழகம் அறியும். கட்டடத்தை மூடாமலே மனிதரைக் கைவிடும் இவ்வழிக்குப் பாழ்மண்டபம் தேவையில்லை. ஆகவே படமெடுக்கவும் ஒன்றும் எஞ்சுவதில்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் ஒரு பித்தன் வருகிறான். செவ்வலரி மாலையும் எருக்கம்பூ மாலையும் அணிந்து, கந்தல் துணியோடு மரச் சுள்ளிகளை ஒடித்துக் கட்டியிருக்கிறான். உடம்பெல்லாம் வெண்ணீறு. அழுகிறான், விழுகிறான், கூவுகிறான், தொழுகிறான், ஓடுகிறான், ஒருபுறம் ஒதுங்கி நெடுநேரம் நிற்கிறான், தன் நிழலோடு சண்டையிடுகிறான். சாத்தனார் அவன் நோயை அடுக்கடுக்காகக் கூர்ந்து கண்டு எழுதியிருக்கிறார். மருத்துவர் டயமண்டின் படப்பெட்டியும் இத்தனையைக் கண்டதில்லை. ஆனால் அக்காட்சியைச் சாத்தனார் சொல்லும் முறையே வேறு. அவர் சொல்ல வந்தது புகார்த் தெருவில் நின்ற மக்களைப் பற்றி. பேடிக் கூத்தைப் பார்த்து நின்றவர் சிலர். மாடத்துச் சுவரோவியங்களைப் பார்த்து நின்றவர் சிலர். இவன் பின்னே சென்று, இவன் படும் செயலற்ற துன்பத்தைக் கண்டு தாமும் வருந்தி நின்றவர் சிலர். பித்தன் அவ்வருத்தத்தின் வழியாகவே காப்பியத்துக்குள் வருகிறான். பார்ப்பவரின் முகம் இல்லாமல் பார்க்கப்படுபவனின் முகம் அங்கே எழுதப்படவில்லை.

2017ஆம் ஆண்டு இயற்றப்பெற்று அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடை செய்கிறது. மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் ஒளிப்படத்தை அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்கு வெளியிடலாகாது என்றும் விதிக்கிறது. டயமண்டின் காலத்திலிருந்து அது நெடுந்தொலைவு. மதிலுக்கு வெளியே திரிபவருக்கு அந்தப் பிரிவு எட்டுவதில்லை. கிரிவலப் பாதையில் அமர்ந்திருக்கும் சடைமுடியரை அயல்நாட்டாரும் உள்நாட்டாரும் நாள்தோறும் படமெடுக்கின்றனர். படத்தின் கீழே சாது என்று எழுதப்படும். பெயரோ ஊரோ எழுதப்பட்ட படம் அரிது.

பாதாளலிங்க அறை செப்பனிடப்பட்டு, 1949இல் இராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது. இன்று அங்கே விளக்கெரிகிறது. படியிறங்கிச் செல்வோர் அமைதியாக நின்றுவிட்டு ஏறி வருகின்றனர். மேலே, மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். விடியலில் கடைசிச் சிறப்புப் பேருந்தும் புறப்பட்டபின், துப்புரவுப் பணியாளர்கள் நெகிழிக் குப்பிகளைக் கூட்டி அள்ளும் நேரத்தில், நடைபாதையோரம் சிலர் எஞ்சியிருப்பர். அவர்களுள் துறவி யார், நோயாளி யார், கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்டவர் யார் என்பது தொலைவிலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. அருகில் சென்று அமர்ந்து கேட்டால், சிலர் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்வர்.